எட்டுச் சனிக்கிழமை ஒதெல்லோ வகுப்பு: ஒரு தையல்காரியின் அபிப்பிராயம்

வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் நான் வழக்கமாகப் போட்டோகொப்பி எடுக்கிற கடையின் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே பெரிய எழுத்தில் ‘பொறாமை, பழி, சூழ்ச்சி’. கீழே, ஷேக்ஸ்பியர் காலத்துத் துன்பியல் நாடகங்கள், எட்டுச் சனிக்கிழமை, பின்னேரம் 4.30 முதல் 6.30 வரை, தமிழில் விளக்கம். கட்டணம் 8,000 ரூபா, கொப்பிகளும் அதற்குள். அளவுப் புத்தகத்தின் நாலு பக்கத்தைக் கொப்பி எடுக்கப் போனவள், அந்த மூன்று சொல்லையும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். மூன்றையும் எனக்குக் கிட்டத்தில் தெரியும்.

ஒழுங்கை ஒன்றில் சாரிச் சட்டை தைக்கிற சின்னக் கடை என்னுடையது. மெஷினில் இருக்கத் தொடங்கி 31 வருடம். ஏ லெவலோடு படிப்பு நின்றது. ஆங்கிலம் ஆறுதலாக வாசித்தால் விளங்கும், கதைக்கத்தான் கூச்சம். நானூறு வருடத்துக்கு முந்திய ஆங்கில நாடகத்தை நம்மைப் போல ஆட்கள் படிக்கப் போகலாமா என்று தயங்குகிறவர்கள் இருப்பீர்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். போங்கோ. காசு வீண் போகாது. குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

முதலில் இடம். கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் ஒரு வீட்டின் மூன்றாம் மாடி. படி ஒடுக்கம், செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கத்தில்தான். முழங்கால் நோ உள்ளவர்கள் தெரிந்துகொண்டு போங்கோ. மேலே பிளாஸ்டிக் கதிரைகள், இரண்டு ஃபேன், கடலைப் பார்த்த யன்னல்கள். கரையோரப் பாதையில் ரயில் போகும்போது ஒரு சொல்லும் கேட்காது. அந்த நேரம் சேர் வரியில் விரலை வைத்தபடி காத்திருப்பார். ரயில் போய் முடிந்ததும் அதே வரியை முதலில் இருந்து வாசிப்பார். எட்டுக் கிழமையில் ஒரு முறைகூட அவர் வரியை நடுவில் இருந்து தொடங்கினதில்லை.

சேர் இளைப்பாறிய ஆங்கில ஆசிரியர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முதலில் ஆங்கிலத்தில் ஐந்தாறு வரி, சத்தமாக, நடிக்காமல் வாசிப்பார். பிறகு அதையே நம்முடைய பேச்சுத் தமிழில் சொல்லுவார். எழுதி வைத்து வாசிக்கிற மொழிபெயர்ப்பு இல்லை, அந்த இடத்திலேயே தேடிப் பிடிக்கிற தமிழ். சொல் அகப்படாவிட்டால் நம்மிடம் கேட்பார். இளைப்பாறிய தபால் கந்தோர் ஐயா ஒருவர், வங்கியில் வேலை செய்கிற தம்பி, மருந்துக்கடைத் தங்கச்சி, ஆங்கில இலக்கியம் எடுக்கிற இரண்டு ஏ லெவல் பிள்ளைகள் என்று பதினொரு பேர் இருந்தோம். ஆளுக்கொரு சொல் சொல்லுவோம். சரியான சொல் வந்தால் சேர் அதைப் பென்சிலால் தன் புத்தக ஓரத்தில் எழுதிக்கொள்ளுவார்.

முதல் இரண்டு சனியும் ஒதெல்லோ இல்லை. 1580களின் பிற்பகுதியில் தோமஸ் கிட் எழுதிய ‘ஸ்பானியத் துன்பியல்’. லண்டன் மேடையில் பழிவாங்கும் நாடகங்களுக்கு வழி திறந்தது இதுதான் என்றார். பழி என்பதே இதில் ஒரு ஆளாக வந்து மேடையில் இருக்கும். அதற்குப் பக்கத்தில் கொல்லப்பட்ட ஒருவனுடைய ஆவி. நாடகம் முழுக்க இரண்டும் பார்த்துக்கொண்டே இருக்கும், நடுவில் பழி நித்திரையாகிவிடும். ஆவி பதறி எழுப்பும். நித்திரை கொண்டாலும் பழி சாவதில்லை என்று பதில் வரும். அந்த இடத்தில் என் கை கொப்பித் தாளிலேயே நின்றுவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஹியரோனிமோ என்பவன் அந்த நாட்டின் நீதிபதி. ஒரு இரவு தோட்டத்துப் பந்தலில் தன் மகன் ஹொரேஷியோ கொலையுண்டு தொங்குவதைக் காண்கிறான். இரத்தம் தோய்ந்த மகனின் லேஞ்சியை, கைக்குட்டையை, எடுத்து, பழி தீரும் வரை இது என்னை விட்டுப் போகாது என்று வைத்துக்கொள்கிறான். ஊருக்கெல்லாம் நியாயம் தீர்க்கிற மனிதனுக்குத் தன் பிள்ளைக்காக அரசனிடம் நியாயம் கேட்க வழியில்லை. கொலைகாரர்களில் ஒருவன் அரசனுடைய சகோதரனின் மகன். கிட்டப் போகவே விடமாட்டான். அப்போது ஒரு கிழவர், அவருடைய மகனையும் கொன்றுவிட்டார்கள், மனுவோடு வந்து பேசவும் முடியாமல் நிற்கிறார். கண்ணைத் துடையுங்கோ என்று ஹியரோனிமோ லேஞ்சியை எடுத்து நீட்டுகிறான். கையில் வந்தது மகனுடைய இரத்த லேஞ்சி. சேர் இந்த இடத்தை ஆங்கிலத்தில் மட்டும் வாசித்தார், தமிழில் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை.

இனி ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ. ஐந்து சனி. 1604 நவம்பர் 1 அன்று லண்டன் வைற்ஹோல் அரண்மனையில் அரசன் முன் நடித்ததாகப் பதிவு இருக்கிறது. அச்சில் வந்தது 1622இல் ஒரு முறை, அடுத்த வருடம் பெரிய தொகுப்பில் இன்னொரு முறை. வெனிஸ் அரசின் படைத்தலைவன் ஒதெல்லோ கறுப்பு மூர் இனத்தவன், டெஸ்டமோனா வெனிஸ் பிரபு ஒருவருடைய மகள். வீட்டுக்குத் தெரியாமல் கலியாணம் செய்து சைப்ரஸ் தீவுக்கு வருகிறார்கள். பதவி உயர்வு தனக்குக் கிடைக்காமல் காசியோவுக்குப் போன ஆத்திரத்தில் இருக்கிற இயாகோ, உன் மனைவிக்கும் காசியோவுக்கும் தொடர்பு என்று ஒதெல்லோவை நம்ப வைக்கிறான். அத்தாட்சி ஒரு லேஞ்சி. ஒதெல்லோ மனைவியைக் கொன்று, உண்மை தெரிந்து, தானும் சாகிறான். கதை அவ்வளவுதான். கதை தெரிந்திருந்தால் வகுப்பில் ஒன்றும் குறையாது.

நம் ஊரில் கைக்குட்டைக்கு லேஞ்சி என்று சொல்கிறோமே, அது போர்த்துக்கேயர் விட்டுப் போன சொல், ‘லென்சோ’வில் இருந்து வந்தது. லண்டனில் இந்த நாடகம் நடந்த வருடம் கொழும்புக் கோட்டை போர்த்துக்கேயர் கையில்தான் இருந்தது. சேர் இதைச் சொன்ன பிறகு வகுப்பில் எவரும் கைக்குட்டை என்று சொல்லவில்லை.

இந்த வகுப்பின் மதிப்பு முழுக்க ஐந்தாம் சனிக்கிழமையில் இருக்கிறது. மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. இரண்டு மணி நேரமும் ஐம்பது அறுபது வரியில்தான் நின்றோம். காசியோ டெஸ்டமோனாவோடு கதைத்துவிட்டுப் போகிறான். தூரத்தில் ஒதெல்லோவும் இயாகோவும் வருகிறார்கள். இயாகோ சொல்வது ஒரே ஒரு வரி: “ம்... இது எனக்குப் பிடிக்கேல்லை.” என்ன சொன்னாய் என்று ஒதெல்லோ கேட்கிறான். “ஒண்டுமில்லை ஐயா.” போனது காசியோதானே? “காசியோவோ? சீச்சீ, உங்களைக் கண்டோன்ன கள்ளன் மாதிரி நழுவுற ஆள் இல்லை அவன்.”

இங்கே நிறுத்தி, இந்தக் காட்சியில் இதுவரை இயாகோ எத்தனை பொய் சொல்லியிருக்கிறான் என்று எண்ணச் சொன்னார் சேர். எண்ணினோம். பிடித்துக் காட்டக்கூடிய பொய் ஒன்றுகூட இல்லை. கள்ளன் என்ற சொல்லை உள்ளே வைத்துவிட்டு, அப்படி இல்லை என்று மேலே மடித்துத் தைத்துவிட்டான். பிறகு வருவது இன்னும் மோசம். நீங்கள் விரும்பின காலத்தில் காசியோவுக்கு அது தெரியுமா என்று கேட்கிறான். ஓம், எங்களுக்கு நடுவில் தூது போனவனே அவன்தான் என்கிறான் ஒதெல்லோ. “அப்பிடியோ?” அப்பிடியோவா? அதில் என்ன கண்டாய்? அவன் நேர்மையானவன் இல்லையா? “நேர்மையோ ஐயா?” ஓம், நேர்மை. “எனக்குத் தெரிஞ்ச அளவில...” நீ என்ன நினைக்கிறாய்? “நினைக்கிறதோ ஐயா?” ஒதெல்லோவுக்குப் பொறுமை போகிறது. நான் சொல்வதையே எதிரொலிக்கிறாய், வெளியில் காட்ட முடியாத ஏதோ பூதம் உன் நினைப்புக்குள் கிடக்கிற மாதிரி என்று கத்துகிறான். தோண்டுகிறவன் ஒதெல்லோ. இயாகோ மண்வெட்டியைக் கையில் கொடுத்ததோடு சரி.

எனக்கு அந்த இடத்தில் உடம்பு விறைத்துப் போனது. 23 வயதில் புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் சட்டை வெட்டுகிற வேலையில் இருந்தேன். ஒரு நாள் பட்டுச் சாரி ஒன்றைக் காணவில்லை. முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தார். என்னோடு ஒரே மேசையில் வேலை செய்த அக்கா, நான் தண்ணீர்ப் போத்தலை மாற்றிக் குடித்த ஆள், சொன்னவ: “நான் ஒண்டும் சொல்லேல்லை ஐயா. அவ அப்பிடிச் செய்யிற பிள்ளை இல்லை எண்டுதான் நான் நினைக்கிறன்.” ஆர் அவ என்று முதலாளி கேட்டார். “ஐயோ, விடுங்கோ ஐயா. சும்மா வாய் தவறிச் சொல்லிப்போட்டன்.” அதற்குப் பிறகு அவர் என்னைத்தான் பார்த்தார். என்னில் ஒருவரும் குற்றம் சாட்டவில்லை, ஆகவே மறுக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் வேலை போனது. அடுத்த வெட்டுமேசை அந்த அக்காவுக்கு.

இத்தனை வருடம் அதை எவருக்கும் விளக்க என்னால் முடிந்ததில்லை. அவ என்ன பொய் சொன்னவ என்று கேட்பார்கள். பொய் ஒன்றும் இல்லையே. அன்று அந்தக் கொப்பித் தாளில் அது வரிக்கு வரி கிடந்தது. வகுப்பில் சொன்னேன். சேர் கேட்டுவிட்டு ஒரு ஆறுதல் வார்த்தையும் சொல்லவில்லை. “அவ சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ, அப்பிடியே, ஒரு சொல்லும் மாத்தாமல்,” என்றார். திருப்பிச் சொன்னேன். ‘நான் நினைக்கிறன்’ என்ற இடத்தைக் காட்டி, இயாகோவின் தாளில் அதே இடம் எங்கே என்று ஏ லெவல் பிள்ளையைக் கேட்டார். அவள் உடனே விரல் வைத்தாள். அதைவிட வேறு ஆறுதல் எனக்குத் தேவைப்படவில்லை.

அடுத்த சனி லேஞ்சிக்கு. 1693இல் தோமஸ் ரைமர் என்ற ஆங்கில விமர்சகர், ஒரு லேஞ்சிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, பெண்டாட்டிமார் தங்கள் துணிமணியைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இதில் உள்ள பாடங்களில் ஒன்று என்று கேலி செய்திருக்கிறார். அந்த மனிதர் வாழ்நாளில் ஊசி பிடித்திருக்கமாட்டார்.

அது வேலைப்பாடு செய்த பட்டு. மேலே சிவப்பு ஸ்ட்ரோபெரிப் பழங்கள். ஒதெல்லோவுக்குத் தலையிடி, டெஸ்டமோனா அதை அவன் நெற்றியில் கட்டப் போகிறாள். உன்னுடைய லேஞ்சி சின்னன் என்று அவன் தள்ளுகிறான், கீழே விழுகிறது. இரண்டு பேரும் கவனிக்காமல் உள்ளே போகிறார்கள். ஆகவே அதைத் தொலைத்தவள் டெஸ்டமோனா இல்லை. தட்டி விழுத்தினவன் ஒதெல்லோவே. அவன் தன் வாயாலேயே அதை ‘சின்னன்’ என்று சொன்னதற்கு அடுத்த காட்சியிலேயே, அதே துணிக்கு ஒரு புராணம் சொல்கிறான்: இருநூறு வருடம் கண்ட குறிகாரி ஒருத்தி ஆவேசத்தில் தைத்தது, புனிதப்படுத்திய புழு நூற்ற பட்டு, கன்னியரின் இதயத்தில் எடுத்த சாயம், எகிப்துக்காரி ஒருத்தி என் தாய்க்குக் கொடுத்தது, இது தொலைந்தால் புருசனுடைய அன்பும் தொலையும். அந்தப் பிள்ளை பயந்து, தொலையவில்லை என்று பொய் சொல்கிறாள். கடைசிக் காட்சியில் அவனே, என் தகப்பன் என் தாய்க்குக் கொடுத்த பழைய பொருள் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவான். இந்த முரணை மருந்துக்கடைத் தங்கச்சிதான் பிடித்தவள்.

நான் பிடித்தது வேறு. இந்த நாடகத்தில் அந்தப் பூவேலையைக் கொப்பி எடுக்க வேண்டும் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். விழுந்ததை எடுத்த எமிலியா, இயாகோவின் மனைவி, இதே மாதிரி ஒன்று தைப்பித்துவிட்டுத்தான் புருசனிடம் கொடுப்பேன் என்று நினைக்கிறாள். அதற்குள் அவன் வந்து பறித்துவிடுகிறான். பிறகு அது தன் அறையில் கிடந்ததைக் கண்ட காசியோ, வேலைப்பாடு பிடித்திருக்கு, சொந்தக்காரர் கேட்க முதல் ஒன்று தைத்துத் தா என்று தன் காதலி பியாங்காவிடம் கொடுக்கிறான். ‘இப்ப தந்த லேஞ்சி’ என்று கோபத்தோடு அவள் திருப்பி எறிகிறாள், ஒரு இழையும் ஓடவில்லை. ஒரு ஸ்ட்ரோபெரிக்கு நிழல் விட்டு சாட்டின் தையல் போட்டு, விதைக்கு முடிச்சுத் தையல் வைத்து, காம்பும் இலையும் முடிக்க எனக்கு அரை மணி நேரம் வேண்டும். ஒரு முழு லேஞ்சிக்கு இரண்டு நாள். எமிலியாவுக்கு அந்த இரண்டு நாள் கிடைத்து, ஒரு கொப்பி அலுமாரிக்குள் இருந்திருந்தால், லேஞ்சியைக் காட்டு என்று ஒதெல்லோ நின்றபோது டெஸ்டமோனாவின் கையில் காட்ட ஒன்று இருந்திருக்கும். நான் இதைச் சொன்னதும் சேர் பென்சிலை எடுத்தார்.

பிறகு அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது சிந்தியோ என்ற இத்தாலியர் 1565இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில் இருந்து. அதில் இயாகோ மாதிரியானவனுக்கு ஒரு சின்ன மகள் இருக்கிறாள். பிள்ளையை டெஸ்டமோனா நெஞ்சோடு அணைத்துக் கொஞ்சுகிற நேரம் பார்த்து அவன் லேஞ்சியை உருவுகிறான். காசியோ மாதிரியானவனின் வீட்டில் நல்ல பூவேலை தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள். சொந்தக்காரியிடம் திருப்பிக் கொடுக்க முதல் அதைப் போல ஒன்று செய்து பார்க்க ஆசைப்படுகிறாள். வெளிச்சம் வேண்டும் என்று யன்னலோரம் இருந்து தைக்கிறாள். வெளியில் இருந்து அதைப் பார்க்கிற கணவன், முடிந்தது, இதுதான் அத்தாட்சி என்று போகிறான். அந்தப் பெண்ணுக்குக் கதையில் பெயரும் இல்லை. நானும் யன்னலோரம் இருந்துதான் தைக்கிறேன். வடிவான கைவேலையைக் கண்டால் எனக்கும் கை துறுதுறுக்கும், அவளுக்கும் அவ்வளவுதான். தன்னுடைய ஊசி எந்த வீட்டில் எதைக் குத்தியது என்று அவளுக்குத் தெரிந்ததா என்று கதை சொல்லாது. அன்று வீட்டுக்கு நடந்து வரும் வழி முழுக்க அவளைத்தான் யோசித்தேன்.

எமிலியாவைப் பற்றி வகுப்பில் சண்டையே வந்தது. லேஞ்சி எங்கே போனது என்று டெஸ்டமோனா கேட்கும்போது, தெரியாது அம்மா என்கிறாள். புருசனுக்கு ஒத்தாசை செய்கிறாளா, பயமா? வங்கித் தம்பி அவளை மன்னிக்கத் தயாரில்லை. ஏ லெவல் பிள்ளை விடவில்லை. கடைசியில் எல்லாருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லி, புருசன் கையாலேயே குத்துப்பட்டுச் சாகிறவள் அவள்தானே என்றாள். சாகிற அன்று இரவு, டெஸ்டமோனா ஒரு சோகப் பாட்டைப் பாடியபடி நித்திரைக்கு ஆயத்தமாகிற இடம், வில்லோ மரத்துப் பாட்டு, 1622 பதிப்பில் இல்லை, 1623 தொகுப்பில்தான் இருக்கிறது. அதே இரவில், பெண்டாட்டிமாருக்கும் உணர்ச்சி உண்டு என்று எமிலியா பேசுகிற பெரிய பேச்சை அந்தப் பிள்ளையே எழுந்து நின்று வாசித்தாள். கலியாணத்தன்று விரித்த விரிப்பை இன்றைக்குப் போடு என்று டெஸ்டமோனா சொல்கிறாள். வெள்ளைத் துணியில் சிவப்புப் பழம் என்பதை அந்த விரிப்போடு சேர்த்துப் பார்க்கிற அறிஞர்கள் உண்டு என்று சேர் சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். பெண்கள் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தபால் கந்தோர் ஐயா சிலப்பதிகாரத்தைக் கொண்டுவந்தார். ஒரு சிலம்பை வைத்துக் கோவலனைக் கொல்ல வைத்த பொற்கொல்லன்தான் நம்முடைய இயாகோ என்றார். மனைவியின் ஊடலைத் தீர்க்க அவசரப்பட்டுப் போய்க்கொண்டிருந்த பாண்டியன், விசாரிக்காமல் வாயால் உத்தரவு விட்டுவிட்டான். உண்மை தெரிந்ததும், ‘பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்’ என்று விழுந்து செத்தான். தன் தீர்ப்பைத் தானே தன்மேல் நிறைவேற்றுகிற ஒதெல்லோவும் அதே இடத்தில்தான் விழுகிறான். ஆனால் பொற்கொல்லனுக்குக் காரணம் தெளிவு, அரசியின் சிலம்பைத் திருடினவன் அவனே. இயாகோவுக்குக் காரணங்கள் அளவுக்கு மிஞ்சி இருக்கின்றன. பதவி என்கிறான், என் மனைவியோடு ஒதெல்லோ படுத்தான் என்று ஊர் பேசுது என்கிறான், காசியோவும் அப்படித்தான் என்கிறான். எல்லாம் சொல்லி, கடைசி அங்கத்தில் காசியோவைப் பற்றி ஒரு வரி விடுகிறான். அதைச் சேர் இப்படிச் சொன்னார்: “அவன்ர வாழ்க்கையில ஒவ்வொரு நாளும் ஒரு வடிவு இருக்கு, அதுக்குப் பக்கத்தில நான் அசிங்கமாய்த் தெரியிறன்.” மற்றக் காரணங்களை எல்லாம் நான் நம்பவில்லை. இதை நம்புகிறேன். ஏன் செய்தாய் என்று எல்லாரும் கேட்டபோது, தெரிந்தது தெரிந்ததுதான், இனி ஒரு சொல் பேசமாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான். நாடகத்தில் ஒதெல்லோவைவிடக் கூட வரி பேசினவன் அவன்.

குறைகளுக்கு வருகிறேன். கொப்பித் தாள்களில் வலது ஓரம் வெட்டுப்பட்டு வரிக் கடைசிச் சொற்கள் போய்விட்டன. நாங்கள் கையால் எழுதிக்கொண்டோம், காசு வாங்குகிற வகுப்பில் இது சரியில்லை. இரண்டாம் சனி, கிட் படித்த ரோமக் கவிஞர் செனெக்காவைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். தொடக்கத்திலேயே அவ்வளவு பாரம் ஏற்றினதால் இரண்டு பேர் பிறகு வரவேயில்லை. 6.30க்கு முடிந்த நாள் ஒன்றே ஒன்று, மற்ற நாளெல்லாம் ஏழு கடந்தது. தூரத்தில் இருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் கஷ்டம்.

பெரிய குறை இவை ஒன்றுமில்லை. ஒதெல்லோவின் நிறத்துக்குச் சேர் ஒதுக்கியது கடைசிச் சனியில் அரை மணி நேரம். முதலாம் காட்சியிலேயே அவனை மிருகம் என்கிறார்கள், தடித்த உதட்டுக்காரன் என்கிறார்கள். சூழ்ச்சியின் நடுவில் இயாகோ மெதுவாக இதையும் செருகுகிறான்: தன் ஊர், தன் நிறம், தன் அந்தஸ்தில் எத்தனை சம்பந்தம் வந்தும் வேண்டாம் என்றவள் அல்லவா, அதில் ஏதோ பழுது இருக்கும். ஒதெல்லோ அதை விழுங்குகிறான். தனியே நின்று, நான் கறுப்பு என்பதால் இருக்குமோ என்று தன்னையே கேட்கிறான். கொழும்பில் கலியாணச் சட்டை தைக்கிற என் கடைக்கு வாருங்கோ. “பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவு, இந்தக் கலர் எடுபடுமோ?” என்று பெற்ற தாய், அந்தப் பிள்ளை கண்ணாடி முன் நிற்கும்போதே என்னிடம் கேட்பா. பிள்ளையின் தோள் எப்படிச் சுருங்கும் என்று என் அளவு நாடாவுக்குத் தெரியும். இயாகோ வந்து விதைக்க முதலே நிலம் உழுது கிடக்கிறது. இதற்கு ஒரு முழுச் சனி வேண்டும். சேரிடம் நேரே சொன்னேன், ஒத்துக்கொண்டார், அடுத்த முறை மாற்றுவதாகச் சொன்னார்.

அதே கடைசிச் சனியில்தான் மறுபடி ஹியரோனிமோவிடம் போனோம். நியாயம் கிடைக்காத அந்த நீதிபதி, அரண்மனையில் ஒரு நாடகம் போடுகிறான். கொலைகாரர்களையே நடிக்க வைத்து, மேடைக் கொலை போல உண்மையாகவே அவர்களைச் சாகடிக்கிறான். பார்த்திருந்தவர்கள் அதை நடிப்பு என்று நினைத்துப் பாராட்டுகிறார்கள். பிறகு விசாரணையில் தன் நாக்கைத் தானே கடித்துத் துப்புகிறான். எழுதிக் காட்டு என்கிறார்கள். எழுதுகோலைச் சீவக் கத்தி கேட்டு வாங்கி, அந்தக் கத்தியால் ஒன்றும் செய்யாத இன்னொருவரையும் குத்தி, தானும் சாகிறான். உங்களில் எவர் அவன் பக்கம் என்று சேர் கேட்டார். முதல் கொலைகளுக்கு எல்லாக் கையும் உயர்ந்தது. அந்தக் கத்திக்கு எவரும் கை தூக்கவில்லை.

நான் அரைவாசி தூக்கி இறக்கினேன். புறக்கோட்டை அக்கா 19 வருடம் கழித்து என் கடைக்கு வந்தவ. மகளின் கலியாணத்துக்குத் தன் சட்டை. என்னைக் கண்டு சந்தோசப்பட்டா. நடந்தது அவவுக்கு நினைவிலேயே இல்லை என்று அந்தச் சிரிப்பில் தெரிந்தது. அளவு எடுத்தேன். அன்று இரவு பட்டுத் துணியை விரித்து, அக்குளில் அரை அங்குலம் குறைத்து வெட்டினேன், தெரிந்து, வேண்டுமென்று. கலியாண மேடையில் கை தூக்க முடியாமல் நிற்க வேண்டும் என்று. இரண்டு நாள் முன்னதாக வந்து போட்டுப் பார்த்தா. “தங்கச்சி, கொஞ்சம் இறுக்கம்போல கிடக்கு, நான்தான் உடம்பு வைச்சிட்டன்,” என்றா. திருப்பி உள்பக்கம் பார்த்தேன். தையலுக்குள் ஒரு அங்குலம் துணி விட்டிருந்தேன். கோபத்தில் வெட்டும்போதும் கை அதன் பழக்கத்தில் விட்டிருக்கிறது. பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். காசு வழக்கமான காசு. இதை அன்றுதான் முதல் முறை வெளியில் சொன்னேன், பதினொரு பேரில் மிஞ்சிய ஒன்பது பேருக்கு முன்னால். ரயில் ஒன்று போனது. போய் முடியும் வரை எல்லோரும் காத்திருந்தோம்.

அடுத்த தொகுதியில் ஜோன் வெப்ஸ்டரின் ‘மல்ஃபிச் சீமாட்டி’. சகோதரிக்குத் தான் விரும்பினவனைக் கட்ட உரிமையில்லை என்று இரண்டு சகோதரர்கள் ஒற்றன் வைத்துப் பழிவாங்குகிற நாடகம், 1623இல் அச்சில் வந்தது. கட்டணம் அதேதான், கொப்பித் தாளை இம்முறை ஓரம் வெட்டாமல் எடுப்பதாகச் சேர் உறுதி சொல்லியிருக்கிறார். நான் இரண்டு பேருக்குக் கட்டிவிட்டேன், எனக்கும், கடையில் என்னோடு ஊசி பிடிக்கிற பிள்ளைக்கும். ஆகவே சனிக்கிழமைகளில் நாலு மணிக்குக் கடை பூட்டியிருக்கும். சட்டை எடுக்க வருகிறவர்கள் அதற்கு முன்னம் வாங்கோ.